செத்தண்ணன் உயிரோடு நடித்த எபிசோடு

அந்தத் தொடரில் அவர் நாற்பத்து மூன்று முறை செத்திருக்கிறார். சாலையோரத்தில், பேருந்துக்குள், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என்று அவர் சாகாத இடமில்லை. ஒருமுறை பல் மருத்துவரின் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடியே செத்துக் கிடந்தார். அன்று வாய்க்குள் ஒரு ஈ புகுந்து, சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே போனது. ஷாட் முடியும்வரை அவர் அசையவில்லை. யூனிட்டே கைதட்டியது.

ஒரு காய்ச்சல் வந்து உலகத்தைத் துடைத்துப் போட்டுவிட்டது, மிச்சமிருக்கும் கொஞ்சம் பேர் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் தொடரின் கதை. பிழைத்தவர்கள் நடந்துபோக வேண்டுமென்றால் பிழைக்காதவர்கள் வழியில் கிடக்க வேண்டுமே. அந்தக் கிடக்கிற உத்தியோகம்தான் அவருடையது. யூனிட்டில் அவருக்குச் செத்தண்ணன் என்று பெயர். "செத்தண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்கள். "எங்கப்பா, இன்னும் ஒரு தடவை செத்துட்டுத்தான் சாப்பாடாம்" என்பார்.

அதற்கு முன்பு இருபது வருடம் டைல்ஸ் கடையில் குடோன் பார்த்தார். கடையை இழுத்து மூடிய பிறகு வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவரை, மாடி வீட்டு வேன் டிரைவர்தான் ஷூட்டிங்குக்கு அழைத்துப் போனார். கூட்டத்தில் ஒருவராக ஓட வேண்டும் என்று சொன்னார்கள். அவருக்கு மூட்டு வலி, ஓட வரவில்லை. "அப்ப விழுந்து கிடங்க" என்றார்கள். விழுந்தவர்தான், நான்கு வருடம் எழுந்திருக்கவே இல்லை.

சாவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை கேமரா முன்னால் செத்துப் பார்க்க வேண்டும். மூச்சை அடக்கினால் முகம் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். அடக்கக் கூடாது, அடிவயிற்றுக்கு இறக்கிவிட வேண்டும். 'ரெடி' என்ற சத்தம் கேட்டவுடன் எச்சிலை விழுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தொண்டை ஏறி இறங்கும். மூடிய இமைக்குள்ளேயே கண்ணைக் கீழே பார்க்க வைக்க வேண்டும், அப்போதுதான் இமை துடிக்காது. இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கிடந்து கிடந்து கண்டுபிடித்தார். வீட்டுக்குப் போய்த் தன் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

அந்த அம்மாள் தையல்காரி. வீட்டிலேயே மெஷின் போட்டு, பள்ளிக்கூடத்துச் சீருடைகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பார். எதைக் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்லும் பிறவி. புருஷன் பிணமாக நடிக்கப் போகிறார் என்று தெரிந்த அன்று அழுவார் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். அம்மாளோ கையில் இருந்த கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருபது வருஷமா வீட்ல எந்த வேலை சொன்னாலும் அப்படித்தானே கிடக்கறீங்க? இப்பதான் ஊருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

ஆனாலும் அம்மாளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். விடுமுறை நாளில் மத்தியானம் அவர் அசந்து தூங்கினால், ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்து மூக்குக்குக் கீழே பிடித்துப் பார்ப்பார். ஆவி படிந்தால்தான் நிம்மதி. "பழகிப் போய் நிஜமாவே மறந்துடப் போறீங்க" என்பார்.

பிறகு அம்மாளும் இந்த வித்தையைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் கண் விழிக்கும்போது பக்கத்தில் அம்மாள் செத்துக் கிடப்பார். இவர் சத்தமாக எண்ண வேண்டும். இருபது வரை தாங்கிவிட்டால் அந்த வாரம் முழுக்க டீ போடுவது இவர் பொறுப்பு. தாங்கினால்தானே! பதினைந்தில் மூக்கு துடிக்கும். பதினாறில் உதடு கோணும். பதினெட்டில் வெடித்துச் சிரித்துக் கட்டிலே குலுங்கும். இரண்டு வருடத்தில் ஒரு வாரம்கூட இவர் டீ போட்டதில்லை. பலகை அடித்துப் பிரித்த பக்கத்து அறையில் படுத்திருக்கும் மகள், "காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று பலகைச் சுவரைத் தட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறரை மணிக்கு அவர் கண் விழித்தபோது, அம்மாள் செத்துக் கிடந்தார்.

ஏழு மணிக்கு அவர் மகளைக் கூப்பிட்டார். மகள் ஓடி வந்தாள், மாடி வீட்டு டிரைவர் ஓடி வந்தார், அடுத்த தெருவிலிருந்து டாக்டர் வந்தார். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது, விடிவதற்கு முன்பே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "ஏழு மணிக்கு எழுப்பலாம்னு போனேன்" என்றார். ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் இருந்த அரை மணி நேரத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவே இல்லை.

அந்த அரை மணி நேரம் முழுக்க, விளையாடுகிறாள் என்று நம்பி, செத்துப்போன மனைவியோடு அவர் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தார். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தார். ஊரிலேயே பிணத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்த மனிதன், தன் வீட்டுப் பிணத்தை அடையாளம் காணாமல் ஏமாந்தான் என்று வெளியே சொன்னால் சிரிக்க மாட்டார்களா? மற்றவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மகள் என்ன நினைப்பாள்? தாயின் பிணத்தை வைத்துக்கொண்டு ஜோக் அடித்த அப்பன் முகத்தில் அவள் எப்படி விழிப்பாள்? அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

மூன்றாம் வாரமே வேலைக்குப் போய்விட்டார். போனதும் ஒன்று தெரிந்தது. இப்போது அவர் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. படுத்தால் போதும், மூச்சு தானாகவே எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. ஆனால் கண்ணை மூடியவுடன் உள்ளே யாரோ எண்ணத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில், சோளப்பாகு கலந்த பொய் ரத்தத்தில் எறும்பு ஏற ஏறக் கிடந்துகொண்டு, பதினெட்டு வரும்போது காதோரம் ஒரு சிரிப்புச் சத்தத்துக்காகக் காத்திருப்பார். வராது. பத்தொன்பது வரும். இருபது வரும். அதற்குள் யாராவது 'கட்' சொல்லிவிட்டால் பிழைத்தார். சொல்லாவிட்டால் இருபத்தொன்று வரும், உடம்பு சில்லிட்டுப் போகும். "என்னண்ணே, நிஜமாவே ஜில்லுனு இருக்கீங்க" என்று மேக்கப் பெண் ஒருநாள் கையை உதறிக்கொண்டாள்.

வீட்டில் மகளும் முன்போல இல்லை. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். போவாள், வருவாள், சமைத்து வைப்பாள். முன்பெல்லாம் தொடர் ஓடும்போது அம்மாவும் பெண்ணும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, "அதோ அப்பா கால்!" "கால் இல்லம்மா, அது முழங்கை!" என்று பந்தயம் கட்டுவார்கள். அவள் இப்போது அந்தத் தொடர் பக்கமே போவதில்லை. அவர் தினமும் காலையில் அவள் அறை வாசலில் நின்று மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார். அவளுக்கும் அது தெரியும். உள்ளிருந்து மெல்ல ஒரு இருமல் வரும். அவர் அடுக்களைக்குப் போய்விடுவார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இப்படி இரண்டு வருடம் ஓடிய பிறகுதான் புதிய சீசனின் அந்த ஆறாவது எபிசோடு வந்தது.

அதை எடுக்க ஒரு புதிய இயக்குநர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, மெதுவாகப் பேசுவார். அவர் எழுதி வைத்திருந்த கதையில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஒரு வீடு, வயதான புருஷன், பெண்டாட்டி. தண்ணீர் பிடிக்கிறார்கள், துணி மடிக்கிறார்கள், சீட்டு ஆடுகிறார்கள். கடைசியில் அவள் தூக்கத்தில் போய்விடுகிறாள், அவ்வளவுதான். சேனலிலிருந்து வந்த ஆள் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன மேடம் நடக்குது?" என்றார்.

"உலகம் அழிஞ்ச பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை நடக்குது" என்றார் இயக்குநர்.

"ஜனங்க ரிமோட்ல ஓட்டி விட்டுடுவாங்க மேடம்."

"ஓட்டறவங்க ஓட்டட்டும் சார்."

அந்தப் புருஷன் வேடத்துக்குச் செத்தண்ணனைக் கூப்பிட்டார்கள். யூனிட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. அவர் மட்டும், "நமக்கு உயிரோட நடிச்சுப் பழக்கமில்லைங்களே மேடம்" என்று நழுவப் பார்த்தார்.

"பழைய எபிசோடு எல்லாத்துலயும் நீங்க கிடக்கறதைப் பார்த்தேன்" என்றார் இயக்குநர். "இந்த யூனிட்ல சும்மா இருக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான் அண்ணே. எனக்கு அது போதும்."

கடைசிக் காட்சியின் தாளைக் கொடுத்தார்கள். 'காலை. அவர் எழுகிறார். அவள் எழவில்லை. அவர் டீ போடுகிறார். இரண்டு கப். உட்கார்கிறார். வசனம் இல்லை.' படித்ததும் மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் என்று கேட்டால் அந்த அரை மணி நேரத்தைச் சொல்ல வேண்டுமே. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

பெண்டாட்டியாக நடித்தவர் நாடகத்தில் பேர் வாங்கிய அம்மாள், யூனிட்டுக்கே அக்கா. வசனம் என்றால் வெளுத்து வாங்குவார். ஆனால் செத்துப் பழக்கமில்லை. "நீங்கதான் இதுல கில்லாடியாமே, கொஞ்சம் சொல்லுங்க" என்றார். இவரும் சொன்னார். வயிற்றில் மூச்சு, எச்சில், இமைக்குள் கண். சொல்லிக்கொண்டே வரும்போது தன் குரல் வேறு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கேட்பதுபோல் இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

டேக் போனார்கள். அவர் எழுந்தார், பக்கத்தில் பார்த்தார். சொன்னது அத்தனையும் அக்கா அப்படியே செய்திருந்தார். மார்பு அசையவில்லை, தொண்டை அசையவில்லை. ஜன்னல் வழியாக விளக்கு வெளிச்சத்தைக் காலை வெயில் மாதிரி விட்டிருந்தார்கள். அது போர்வையின் மேல் விழுந்திருந்தது. அன்றும் அங்கேதான் விழுந்தது.

"ஒண்ணு" என்றார் அவர். வசனம் இல்லாத காட்சி. சவுண்டு எடுப்பவர் திடுக்கிட்டுத் திரும்பினார். இயக்குநர் கையைத் தூக்கி யாரும் அசைய வேண்டாம் என்று காட்டினார்.

இருபது வரை எண்ணினார். "சரி, ஜெயிச்சுட்ட" என்றார். "இந்த வாரம் டீ நான்தான்."

டீ போட்டார். கப்பைத் தலைமாட்டில் வைத்தார். "சர்க்கரை கம்மியா போட்டிருக்கேன். எந்திரிச்சுத் திட்டு பார்ப்போம். ம்? திட்ட மாட்டியா?" உட்கார்ந்தார். "பன்னெண்டு சட்டை பிரிச்சபடி கிடக்கு, யாரு தைக்கறது? நான் தைச்சா பசங்களுக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டைன்னு ஆயிடும். ஸ்கூல்ல சிரிப்பாங்க. நீயும் சிரியேன். இவ்வளவு நேரம் சிரிக்காம இருக்க எங்கடி கத்துக்கிட்ட? நான் சொல்லிக் குடுத்ததே தப்பாப் போச்சு." போர்வையை இழுத்து அவள் தோள்வரை மூடினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மெதுவாப் பேசறேன். பாப்பா தூங்கறா. தூங்கட்டும். அவ எந்திரிக்கிற வரைக்கும் நாம இப்படியே இருப்போம்."

பதினொரு நிமிடம் கேமரா ஓடியது. கட் என்ற சத்தம் வந்ததும் அக்கா எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிணம் எழுந்து அழுததைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை. உதவி இயக்குநர் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "மேடம், கதைப்படி இவங்களுக்குக் குழந்தை கிடையாதே" என்றான்.

"இருந்திருக்கும்" என்றார் இயக்குநர். பிறகு செத்தண்ணன் பக்கத்தில் வந்து, "அண்ணே, இதை வெச்சுக்கலாமா? வேண்டாம்னா இப்பவே அழிச்சுடறேன்" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் மனசு வேறு கணக்கு போட்டது. சேனல்காரரே சொல்லிவிட்டார், எல்லோரும் ஓட்டி விடுவார்கள் என்று. மகளோ தொடரைப் பார்ப்பதே இல்லை. சொல்லவும் வேண்டியதில்லை, சொல்லாமல் புழுங்கவும் வேண்டியதில்லை. "வெச்சுக்கோங்க" என்றார்.

கணக்கு தப்பியது. எபிசோடு வெளியான வாரத்தில் கண்ணாடிக் கடைக்கு வந்த யாரோ மகளிடம், "உங்கப்பா இந்தத் தடவை முகத்தோட வர்றாராமே" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்கள். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் ரிமோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அது ரொம்ப இழுவைம்மா. ஒண்ணுமே நடக்காது. போர் அடிக்கும்."

"உலகமே அழிஞ்சாச்சு, அப்புறம் என்னப்பா அவசரம்?" என்றாள். தாயின் வாய் அவளுக்கு.

பார்த்தார்கள். திரையில் அவர் தண்ணீர் பிடித்தார், துணி மடித்தார். "எங்கப்பாவா இது, வீட்ல ஒரு துணி மடிச்சதில்ல" என்று அவள் சிரித்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அவருக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் உட்கார்ந்தே இருந்தார்.

கடைசிக் காட்சி வந்தது. அவர் எண்ணினார், டீ போட்டார், பேசினார். மகள் அசையாமல் பார்த்தாள். 'பாப்பா தூங்கறா, தூங்கட்டும்' என்று திரையில் கேட்டதும் படத்தை நிறுத்தினாள்.

"இது எழுதிக் குடுத்த வசனமாப்பா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. யாரும் வந்து விசாரிக்கப் போவதில்லை. 

"இல்ல" என்றார்.

"அன்னிக்குப் பேசினது."

அவள் சொன்னது கேள்வி இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன்பா" என்றாள் மகள். "பலகைக்கு இந்தப் பக்கம். நீங்க பேசற சத்தம் கேட்டுச்சு. என்ன பேசறீங்கன்னு புரியல. வழக்கம்போல ரெண்டு பேரும் விளையாடறீங்கன்னு போர்வையை இழுத்து மூடிக்கிட்டுப் படுத்துட்டேன். அப்புறம் டாக்டர் வந்து, விடியறதுக்கு முன்னாடியே உயிர் போயிடுச்சுன்னார். நான் நம்பல. நீங்க பேசிட்டிருந்தீங்களே? அப்ப அம்மா இருந்திருக்காங்க. ஏழு மணிக்குள்ளதான் என்னமோ ஆயிருக்கு. நான் எந்திரிச்சு வந்திருந்தா..." ரிமோட்டைக் கீழே வைத்தாள். "ரெண்டு வருஷமா அதே நினைப்புப்பா. ஒரு சுவருதானே நடுவுல. எந்திரிச்சு வந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்களேன்னு."

 தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் பூட்டி வைத்த அரை மணி நேரம், பலகையைத் தாண்டிப் போய் இந்தப் பெண்ணை இரண்டு வருடம் தின்றுகொண்டிருந்திருக்கிறது. காலையில் வாசலில் நின்று இவள் மூச்சைக் கேட்டாரே, அந்த மூச்சுக்குள் என்ன இருந்தது என்று ஒருநாளாவது கேட்டாரா?

"இல்லம்மா. அம்மா அப்ப இல்ல. டாக்டர் சொன்னதுதான் நிஜம். நீ வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது." என்றார். "நான்தான்... விளையாடறான்னு நினைச்சு..."

"அம்மாவால இருபது தாங்க முடியாதேப்பா" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

 இத்தனை நாள் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்த கதை வாய் வரை வந்து, வெளியே வர வெட்கப்பட்டு நின்றது.

"இருபத்தொண்ணுல" என்றார். "உன்னைக் கூப்பிட்டா நீ வந்து பார்ப்ப. நீ பார்த்துட்டா நிஜமாயிடும். அதுக்குத்தான் பேசிட்டே இருந்தேன்." அதற்கு மேல் முடியவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதர் குழந்தை மாதிரி அழுதார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா." அவ்வளவுதான் சொன்னாள். அதையே மறுபடியும் ஒருமுறை சொன்னாள். அவர் தோளில் கை வைக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்து, காட்சியைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோனாள்.

"ஏம்மா மறுபடியும்?"

"அன்னிக்கு எனக்கு வெறும் சத்தம்தான் கேட்டுச்சு. என்ன பேசினீங்கன்னு ஒழுங்காக் கேக்கணும்."

திரையில் காலை வெயில் போர்வையின் மேல் விழுந்தது. அவர் பக்கத்தில் பார்த்து, ஒன்று என்று எண்ணத் தொடங்கினார். சோபாவில் அப்பாவும் மகளும் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தார்கள். பதினைந்து வந்தது, பதினாறு வந்தது. பதினெட்டு வந்தபோது, வராது என்று தெரிந்தே, இருவரும் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள்.